வில்லைக் கீழே வைக்க அவசரப்படாதீர்கள், தங்கச்சி

வலிகாமத்திலிருந்து 29 வயது இசை ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பாடசாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஏழு வயதில் கர்நாடக வயலின் பழகத் தொடங்கியவர். வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரம் சித்தியடைந்து, மருதனார்மடத்தில் இசைப் பட்டமும் பெற்றார். பதினைந்து வயதிலிருந்து ஒரு தேவாலய ஆசிரியரிடம் மேற்கத்தேய வயலினும் படித்து, எட்டாம் தரம் வரை போனார். ஆறு வருடமாக அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நத்தார் கரோல் நிகழ்ச்சியில், பாடகர் குழுவையும் அதோடு வாசித்த வயலின்காரர்களையும் நடத்த வேண்டியவர் காய்ச்சலில் விழுந்துவிட, இவர் வயலினை வைத்துவிட்டு முன்னால் போய் நின்றார். “அன்று என் கையில் வில் இருக்கவில்லை. ஆனால் பதினொரு வில்களும் என் கையில்தான் இருந்தன” என்று எழுதுகிறார். அன்றிலிருந்து அவருக்கு, இசைக்குழுவின் முன் நின்று கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் (கொண்டக்டர்) ஆக வேண்டும் என்ற எண்ணம்தான்.

இப்போது ஒரு முகவர் நிலையம் 28 இலட்சம் ரூபாய் கேட்கிறது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஒரு வருட ‘இசை நடத்துநர் டிப்ளோமா’, நுழைவுப் பரீட்சை கிடையாது, முடிந்ததும் இசைக்குழுவில் வேலை நிச்சயம் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிப் பணம் தருவார். மீதிக்குக் காணியை ஈடு வைக்க வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை: “சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கையை ஆட்டுவது பொம்பிளைப் பிள்ளைக்கு அழகா?” மாமா கேட்டது அதைவிட வலித்திருக்கிறது: “கொண்டக்டர் என்றால் பஸ்ஸில் ரிக்கெட் கிழிக்கிறவன்தானே?” இதற்கிடையில், இரண்டு மணி நேரம் வாசித்தால் இடது தோள் நோகிறது. “நடத்துநரானால் தோளும் தப்பும்” என்று நினைக்கிறார். வேலையை இப்போதே விடுவதா, வயது பிந்திவிட்டதா, கர்நாடக இசையில் போன இருபது வருடம் வீணா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தங்கச்சி,

நான் தொழில் வழிகாட்டல் ஆலோசகர். இளமையில் எட்டு வருடம் ஓர் இசைக்குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் இருந்தவள். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் வாசித்தேன். அன்று நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. பதினொரு பேர் ஒருவர் கையைப் பார்த்து ஒரே நேரத்தில் மூச்சு விடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஒருமுறை அனுபவித்தவர்களால் மறக்க முடியாது. உங்கள் ஆசையைக் குறைக்க நான் எழுதவில்லை. ஆனால் அந்த ஆசைக்குப் போகும் வழி என்று உங்களுக்குக் காட்டப்பட்டது தவறான வழி. சரியான வழி உங்கள் கையில் இருக்கும் வயலினுக்குள்ளால் போகிறது.

தோள் நோவிலிருந்து தொடங்குகிறேன்

ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இதில் சிக்கியிருக்கிறது. நீங்கள் இரண்டு விதமாக வயலின் பிடிப்பவர். நிலத்தில் சம்மணமிட்டிருந்து வாசிக்கும்போது வயலினின் தலை வலது பாதத்தில் தாங்கி நிற்கும், இடது தோளுக்குச் சுமை இல்லை. நின்று மேற்கத்தேய முறையில் வாசிக்கும்போது நாடிக்கும் தோளுக்கும் நடுவில் முழுப் பாரமும் வருகிறது. நோவு இரண்டிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? கடிதத்தில் இது இல்லை. நின்று வாசிக்கும்போது மட்டும் என்றால், தோள்தாங்கியின் உயரமோ நாடிக்கட்டையோ உங்கள் கழுத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். எதுவாயினும் யாழ். போதனா வைத்தியசாலையில் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள், வயலினையும் கொண்டுபோய்ப் பிடித்துக் காட்டுங்கள். இதை அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டாம்.

நடத்துநர் வேலை தோளுக்கு ஓய்வு என்பது பிழையான நம்பிக்கை. மூன்று மணி நேர ஒத்திகையில் இரண்டு கையும் நெஞ்சுக்கு மேலே தூக்கியபடிதான் இருக்கும். ரஷ்யாவில் பிறந்த வயலின் மேதை மக்சிம் வெங்கரோவ் 2007இல் தோள் காயத்தால் வாசிப்பதை நிறுத்தினார், அந்த இடைவெளியில் இசை நடத்துவதைப் படித்தார். இதைக் கேட்டு உங்களைப் போல் பலர் நம்பிக்கை கொள்கிறார்கள். ஆனால் அவர் காயத்தைக் குணப்படுத்திக்கொண்டு 2011இல் வயலினுக்குத் திரும்பிவிட்டார். இரண்டையும் வைத்திருக்கிறார்.

வயலினிலிருந்து நடத்துநர் மேடைக்கு

சரி, வயது. சார்ல்ஸ் முன்ஷ் என்ற பிரெஞ்சு வயலின் கலைஞர் ஜெர்மனியில் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் முதல் வயலினாக, அதாவது வயலின் வரிசைக்குத் தலைவராக, வருடக்கணக்கில் இருந்தார். பாரிஸில் முதல்முறை நடத்துநராக ஏறியது 1932இல், 41 வயதில். 1949இல் பொஸ்ரன் சிம்பொனிக்குத் தலைமை ஏற்று 13 வருடம் இருந்தார். 29 வயது பிந்திய வயது இல்லை. ஆனால் 41 வயது வரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். பெரிய நடத்துநர்களின் கைக்குக் கீழே, ஒவ்வொரு நாளும், முதல் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

யூஜின் ஓர்மண்டியின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஹங்கேரியில் குழந்தை மேதையாகப் பெயர் எடுத்த வயலின் கலைஞர். கச்சேரிச் சுற்றுலா என்று சொன்னவரை நம்பி 1921இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்தால் கச்சேரிகள் இல்லை. பிழைப்புக்காக நியூயோர்க்கில் ஒரு திரையரங்கின் இசைக்குழுவில் வயலின் வாசிக்கச் சேர்ந்தார். பேசாப் படக் காலம் அது. 1924இல் ஒருநாள் நடத்துநருக்குச் சுகமில்லாமல் போக, அவரை முன்னால் போய் நிற்கச் சொன்னார்கள். உங்களுக்கு நடந்தது போலத்தான். பிறகு பிலடெல்பியா இசைக்குழுவை 44 வருடம் நடத்தினார். நம்பிப் போன வாக்குறுதி கைவிட்டபோது அவரைக் காப்பாற்றியது கையில் இருந்த வயலின் என்பதைக் கவனியுங்கள்.

பம்பாயின் மெஹ்லி மேத்தாவை நான் இன்னும் அதிகமாக நேசிக்கிறேன். புகழ்பெற்ற நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். ஐரோப்பிய இசைக்கல்லூரி எதற்கும் போகாமலே 1935இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உருவாக்கினார். ஊரில் ஒரு குழு இல்லையென்றால் நாமே ஒன்றைச் சேர்ப்போம் என்ற மனிதர். நியூயோர்க்கில் போய் வயலினை மேலும் படித்தது அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான். பிறகு மான்செஸ்ரரில் இசைக்குழு வயலின் கலைஞராக இருந்தார். 1964இல், 56 வயதில், லொஸ் ஏஞ்சலிஸில் இளையவர்களுக்காக ஓர் இசைக்குழு தொடங்கி 1998 வரை அவரே நடத்தினார். ஆர்வமுள்ள இளம் பிள்ளைகளும் பொறுமையும் இருந்தால் நடத்துநர் ஆகலாம் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பிள்ளைகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

வயலின்காரர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சிம்பொனிக் குழுவில் பாதிக்கு மேல் தந்தி வாத்தியங்கள். வில்லை எந்த இடத்தில் திருப்புவது, நுனியிலா அடியிலா வாசிப்பது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவரை அவர்கள் உடனே நம்புவார்கள். தனி நடத்துநர் என்ற வழக்கம் வருவதற்கு முன் முதல் வயலின்காரர்தான் வில்லை ஆட்டிக் குழுவை நடத்தினார். பாரிஸில் 1828இல் தொடங்கிய புகழ்பெற்ற கச்சேரித் தொடரை அபெனெக் என்பவர் கையில் வயலின் வில்லோடுதான் நடத்தினார்.

கர்நாடக இசை வீணா?

இந்தக் கேள்வியை வாசித்தபோது மனம் கஷ்டப்பட்டது. வயலின் மேதை எல். சுப்பிரமணியம் சிறுவனாக வயலின் பழகியது யாழ்ப்பாணத்தில். அப்பா வி. லட்சுமிநாராயணா இங்கே இசைப் பேராசிரியராக இருந்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போனது. பின்னாளில் சுப்பிரமணியம் வயலினுக்கும் முழு இசைக்குழுவுக்கும் எழுதிய படைப்பை 1985இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாசித்தது, நடத்தியவர் சுபின் மேத்தா. நீங்கள் வீணென்று நினைக்கும் அதே அடித்தளத்தில் நின்றுதான் அவர் அதை எழுதினார். கொழும்பில் இலங்கை சிம்பொனி இசைக்குழு தொடங்கியதும் அதே 1958இல். ஒரே வருடத்தில் இந்தத் தீவு ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உங்கள் லய ஞானம் பெரிய சொத்து. மிஸ்ர சாபுவில் கை தடுமாறாத ஒருவருக்கு ஏழு அடிக் கணக்கில் வரும் எந்த மேற்கத்தேய இசையும் பயம் தராது. ஆனால் இங்கேதான் கையை மாற்றிப் பழக வேண்டும். தாளம் போடும் கை, அடி விழும் நேரத்தில் அந்த அடியைக் காட்டுகிறது. நடத்துநரின் கை, விழப்போகும் அடியை அதற்கு முன்பே காட்ட வேண்டும். கை மேலே எழும்பும் அந்தக் கணத்திலேயே வேகமும் உரப்பும் குணமும் தெரிய வேண்டும். மெதுவாகத் தொடங்கப் போகிறோமா, வெட்டித் தொடங்கப் போகிறோமா என்று வாசிப்பவர் அதிலிருந்து புரிந்துகொண்டு மூச்செடுப்பார். கர்நாடக இசையிலிருந்து வருபவர்கள் அடியைத் தட்டி நிறுத்திவிடுவார்கள், குழு பின்னால் இழுபடும். கைபேசியில் உங்களைப் படம் பிடித்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். என்ன வேகம், எங்கே உரக்க, எங்கே மெல்ல என்று கையை மட்டும் பார்த்து உங்களுக்கே விளங்குகிறதா?

குறை எங்கே என்றும் சொல்ல வேண்டும். நாம் ஒற்றை இராக ஓட்டத்தில் வளர்ந்தவர்கள். நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு வழியில் நடப்பதைக் காதால் பிரித்துக் கேட்பது தனிப் பயிற்சி. எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக எழுதப்பட்ட முழு இசைக்குழுத் தாளில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கு வேறு குறியீடு. எஃப் ஹோர்ன் என்ற ஊதுவாத்தியத்துக்கு எழுதிய ஸி என்ற சுரம் எஃப் ஆக ஒலிக்கும். இதையெல்லாம் கண் பார்த்ததும் காது கேட்க வேண்டும். அதற்குப் பியானோ வேண்டும். பெரிய வித்துவம் தேவையில்லை, நாலு குரல் பாட்டை இரண்டு கையால் வாசிக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். நாங்கள் இருந்த குழுவுக்கு ஒருமுறை ஒரு நடத்துநர் வந்தார். கை அவ்வளவு அழகு. ஆனால் தாளைப் படித்துவிட்டு வரவில்லை. வியோலாக்கள் பிழையான இடத்தில் நுழைந்தபோது அவர் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் முதல் வயலினைப் பார்த்தே வாசித்தோம், அவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த 28 இலட்சம்

கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. எந்த இசைக்கல்லூரியும் இசைக்குழுவில் நடத்துநர் வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது. போட்டியிலோ, குழுவின் முன் நின்று காட்டும் தெரிவிலோ, உதவி நடத்துநராகப் பல வருடம் இருந்தோதான் அந்த இடம் கிடைக்கும். நுழைவுப் பரீட்சை இல்லை என்பதை நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய எச்சரிக்கை. பெயருள்ள இசைக்கல்லூரிகளில் நடத்துநர் பிரிவுக்குச் செவிப் பரீட்சை, பியானோ, தாள் வாசிப்பு, நடத்திக் காட்டுதல் என்று நாலைந்து கட்டம் இருக்கும். ஒரு சில இடங்களுக்கு ஏராளமானவர்கள் வருவார்கள்.

காசுக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரச இசைக்கல்லூரிகளில் வெளிநாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன் வூட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்கி வருகிறது. மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணத்தை முடக்கிய கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது வருடத்துக்கு 11,904 யூரோ. அது உங்கள் பெயரில் உள்ள உங்கள் பணம், மாதம் மாதம் உங்களுக்கே வரும், முகவருக்குப் போகாது. முன்பு கட்டணம் இல்லாதிருந்த நோர்வேயும் 2023இலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் வாங்குகிறது. யாராவது சொந்தக்காரர் பழைய கதையைச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. அந்த இலக்கத்தைக் கேளுங்கள், பணியகத்திடமே சரிபாருங்கள். கல்லூரியின் பெயரைக் கேட்டு நீங்களே நேரடியாக அதற்கு மின்னஞ்சல் போடுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் அத்தோடு கதை முடிந்தது. முற்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

வேலையை விடுவதா

இப்போது வேண்டாம். ஆறு வருடச் சேவை உங்களிடம் இருக்கிறது, அரச ஓய்வூதிய உரிமைக்குப் பத்து வருடம் தேவை. படிப்புக்கு உண்மையான அனுமதி கிடைக்கும் நாளில், சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேளுங்கள். விதிகள் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும் என்பதால், தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் நம்ப வேண்டாம். அனுமதி கையில் வராமல் விமானம் ஏறினால் பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவீர்கள். பிறகு திரும்ப வருவது பெரிய போராட்டம்.

அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. நடத்துநரின் வாத்தியம் மனிதர்கள், அறைக்குள் தனியாக இருந்து அதைப் பழக முடியாது. பாடசாலையில் வயலின் பழகும் பிள்ளைகள் பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் எட்டுப் பேரைச் சனிக்கிழமை பின்னேரம் சேருங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் மாதம் ஒரு பாட்டை நடத்தக் கேளுங்கள். சொப்ரானோ, அல்ரோ, ரெனர், பாஸ் என்ற நாலு குரல்களுக்கும் எழுதிய அந்த நாலு வரித் தாள்தான் உங்கள் முதல் இசைக்குழுத் தாள். ஹைடன் என்ற இசையமைப்பாளரின் தந்தி நால்வர் இசைத் தாள்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மெதுவான பகுதியை எடுத்து நாலு வரியையும் ஒவ்வொன்றாகப் பாடிப் பழகுங்கள்.

அப்புறம் கொழும்பு. சிம்பொனி இசைக்குழுவுக்கு வயலின்காரராக விண்ணப்பியுங்கள். எடுக்காவிட்டால் ஒத்திகையில் பின்வரிசையில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பாடசாலை விடுமுறை நாட்களில் ரயில் ஏறினால் போதும். நடத்துநர் எங்கே நிறுத்தினார், என்ன சொன்னார், சொன்ன பிறகு என்ன மாறியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வருடம் இப்படிப் போனால், நுழைவுப் பரீட்சைக்குப் போகும்போது உங்கள் கையில் காட்ட ஒன்று இருக்கும்.

அம்மாவைப் பற்றி

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் சொன்னதை உலகமே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. வியன்னா பில்ஹார்மொனிக் பெண்களை உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது 1997இல்தான். மரின் ஆல்சொப் என்ற அமெரிக்கச் சிறுமிக்கு ஒன்பது வயதில் நடத்துநர் ஆசை வந்தபோது, பெண்பிள்ளைகள் அதைச் செய்வதில்லை என்று வயலின் ஆசிரியர் சொல்லிவிட்டார். வீட்டில் வந்து சொல்ல, வயலின் கலைஞரான அப்பா ஒரு பெட்டி நிறைய நடத்துநர் கோல்கள் வாங்கிக் கொடுத்தார். வயலினைத்தான் படித்தார் ஆல்சொப், தானே ஒரு சிறிய குழுவைச் சேர்த்து நடத்தினார், 2007இல் பால்ரிமோர் சிம்பொனியின் தலைமையை ஏற்றார். அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். மாமாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், கோபப்படாமல். பஸ் நடத்துநரின் வேலையும் நேர்மையான வேலைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கதை வேண்டாம். சனிக்கிழமை ஒத்திகைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரையை முன்வரிசையில் போடாமல், வயலின் பிள்ளைகளுக்குப் பின்னால் போடுங்கள். அங்கே இருந்தால் அவருக்கு உங்கள் முகம் தெரியும்.